திரையில் குறையா, கண்ணில் குறையா?

ஒரு காலத்தில் நாலு பெண்மணிகள் கூடினால் பால்காரன் ஊற்றும் தண்ணீரைப் பற்றியும், காபிப் பொடியில் கலக்கும் சிக்கரியைப் பற்றியும் பேச்சு நடக்கும். இப்போதோ பால் பாக்கெட்டில் வந்து விடுகிறது. சிக்கரி எத்தனை சதவிகிதம் என்பதைப் பொட்டலத்திலேயே அச்சடித்துக் கொடுத்து விடுகிறார்கள். குறை சொல்ல வேறு விஷயமே அகப்படாமல் போய்விடுமோ என்று கவலைப்பட வேண்டாம். கைக்கு அடக்கமாகச் செல்போனின் ஸ்க்ரீன் இருக்கிறது!

தபால் பையைத் திறந்தால் அதைப் பற்றிய புலம்பல்தான். "வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அக்கா போனில் பளிச்சென்று இருக்கிற அதே போட்டோ என் போனில் வெளுத்துக் கிடக்கிறது" என்கிறார் ஒரு சகோதரி. "படத்தில் அரக்காக இருந்த புடவை, பார்சலைப் பிரித்ததும் செங்கல் நிறமாகி விட்டது. போன் சரியில்லையா, கடைக்காரர் சரியில்லையா?" என்று கேட்கிறார் இன்னொருவர். ராத்திரி பத்து நிமிஷம் பார்த்தால் தலை பிளக்கிறது என்று ஒருவர். நட்ட நடு ஸ்க்ரீனில் ஒரு பச்சைக் கோடு முளைத்து, நாளுக்கு நாள் அதற்குத் தம்பி தங்கைகள் பிறந்து கொண்டிருப்பதாக வேறொருவர்.

கம்பெனிக்காரர்களைக் கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: "இது வழக்கமானதுதான், அம்மா!"

மேலோட்டமாகப் பார்த்தால் நாலும் ஒரே புகார் போலத் தோன்றும். உண்மையில் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது. ஒன்றில் போனின் மேல் குற்றமே இல்லை. ஒன்றில் குற்றம் முழுவதும் போனின் மேல்தான். எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு, "இந்தக் காலத்து ஸ்க்ரீனே மோசம்" என்று பொத்தாம் பொதுவாகத் திட்டுவது கம்பெனிகளுக்குத்தான் சௌகரியம். நியாயமில்லாத பத்துப் புகார்களுக்குச் சொல்லும் பதிலையே, நியாயமான பதினோராவது புகாருக்கும் சொல்லி அனுப்பி விடலாம் அல்லவா? ஆகையால் இந்த வாரம் கொஞ்சம் பொறுமையாகப் புடைத்துப் பார்ப்போம்.

முதலில் இந்த ஸ்க்ரீன் என்பது என்ன? கடைகளில் இரண்டு ஜாதி உண்டு. எல்.ஸி.டி. என்பது ஒன்று. அதில் பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரிந்து கொண்டே இருக்கும். முன்னால் லட்சக்கணக்கான குட்டி ஜன்னல்கள். எங்கே வெளிச்சம் வேண்டுமோ அங்கே ஜன்னல் திறக்கும். இருட்டு வேண்டிய இடத்தில் மூடிக்கொள்ளும். மூடிய ஜன்னலின் இடுக்கு வழியாகவும் சிறிது வெளிச்சம் கசியுமாகையால், அதில் கறுப்பு என்பது சாம்பல் பூசிய கறுப்புத்தான்.

இரண்டாவது ஜாதிக்கு ஓலெட் என்று பெயர். அமோலெட் என்று விளம்பரங்களில் போடுகிறார்களே, அதுவும் இதன் வகையே. போட்டோ பிலிமுக்குப் பேர்போன கோடக் கம்பெனியில் வேலை பார்த்த சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் என்ற இரு விஞ்ஞானிகள் 1987-ல் இதற்கு அடிகோலினார்கள். இதில் பின்னால் விளக்கே கிடையாது. கார்த்திகைக்கு வாசலில் அகல் வரிசை வைக்கிறோமே, அந்த மாதிரி ஒவ்வொரு புள்ளியும் தானே ஒரு விளக்கு. கறுப்பு வேண்டிய இடத்தில் விளக்கையே அணைத்து விடலாம். அதனால்தான் இந்த ஸ்க்ரீனில் கறுப்பு, மை போல் கறுப்பாக இருக்கிறது. ஆனால் அகலில் எண்ணெய் தீர்வது போல இந்தப் புள்ளிகளும் எரிய எரியத் தேயும். சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்றில் நீலப் புள்ளிதான் சீக்கிரம் களைத்துப் போகிறது. இந்த ஒரு விஷயத்தை முந்தானையில் முடிந்து வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இனி, வழக்குக்கு வருவோம். இப்படிப்பட்ட புகார்கள் அத்தனையும் ஒரே போனின் தலையில் வந்து விடிந்த கதை ஒன்று உண்டு. 2017 அக்டோபரில் கூகிள் நிறுவனம் பிக்ஸல் 2 எக்ஸ்.எல். என்ற போனை வெளியிட்டது. அமெரிக்காவில் ஆரம்ப விலை 849 டாலர். நம் ஊருக்கு வந்தபோது 73,000 ரூபாய். ஒரு சாதாரணக் குடும்பத்தின் இரண்டு மாத வருமானம் என்றே வைத்துக் கொள்ளுங்களேன். 6 அங்குல ஸ்க்ரீன். குறுக்கே 1,440, நெடுக்கே 2,880, ஆக மொத்தம் 41 லட்சத்து 47 ஆயிரத்து 200 புள்ளிகள். ஸ்க்ரீனைச் செய்து கொடுத்தது எல்.ஜி. டிஸ்ப்ளே என்ற கொரியக் கம்பெனி. அதே சமயம் வந்த சின்னப் போனான பிக்ஸல் 2-க்கு ஸ்க்ரீன் வந்தது ஸாம்ஸங்கிடமிருந்து.

போன் விற்பனைக்கு வந்து ஒரு வாரம் ஆகவில்லை. மூன்று விதமான கூக்குரல் கிளம்பியது. நிறம் மங்கல் என்பது முதலாவது. சற்றே சாய்த்துப் பிடித்தால் வெள்ளையெல்லாம் நீலம் பாய்கிறது என்பது இரண்டாவது. அடியில் எப்போதும் நிற்கும் மூன்று பொத்தான்களின் நிழல் ஸ்க்ரீனில் அழியாமல் பதிந்து விட்டது என்பது மூன்றாவது.

மூன்றுக்கும் மூன்று தீர்ப்பு உண்டு.

நிறம் மங்கல் என்ற புகாரை எடுத்துக் கொள்வோம். 1996-ல் ஹ்யூலெட் பக்கார்டும் மைக்ரோஸாப்டும் சேர்ந்து, கம்ப்யூட்டர் திரைகளில் சிவப்பு என்றால் இவ்வளவு சிவப்பு, பச்சை என்றால் இவ்வளவு பச்சை என்று ஓர் அளவுகோல் வகுத்தார்கள். போட்டோக்களில் பெரும்பாலானவை இன்றும் அந்த அளவை நம்பியே எடுக்கப்படுகின்றன. ஓலெட் ஸ்க்ரீனுக்கோ அந்த அளவையும் தாண்டிக் கொட்டி முழக்கும் சக்தி உண்டு. மற்றப் போன் கம்பெனிகள் அந்தச் சக்தியை அவிழ்த்து விட்டார்கள். தக்காளி நெருப்பாகத் தெரிந்தது. புல் வெளி மரகதமாக மின்னியது. குழந்தையின் கன்னத்தில் யாரோ ரூஜ் தடவியது போல இருந்தது. ஜனங்களும் அதைத்தான் 'நல்ல ஸ்க்ரீன்' என்று பழகிக் கொண்டார்கள். கூகிள் அளவுகோலுக்குள் அடங்கி நிற்கும் நிறத்தைக் கொடுத்ததும், "இதென்ன, பத்தியச் சாப்பாடு மாதிரி?" என்று முகம் சுளித்தார்கள்.

காரம் தின்று பழகின நாக்குக்கு மிளகு ரசம் சப்பென்று இருந்தால் அது ரசத்தின் குற்றமாகுமா? ஆகாதுதான். ஆனாலும் 73,000 ரூபாய் கொடுத்தவர் காரம் கேட்டால் கொஞ்சம் காரம் போட்டுக் கொடுப்பதில் என்ன நஷ்டம்? கூகிள் கடைசியில் அதைத்தான் செய்தது. சில வாரங்களுக்குள், பளிச்சென்ற நிறத்துக்கு ஒரு தனி ஏற்பாட்டை அப்டேட்டில் அனுப்பி வைத்தது. இதோடு கதை முடிந்தது என்று நினைக்காதீர்கள். 2024 ஜனவரியில் ஸாம்ஸங்கின் எஸ் 24 வரிசை வந்தபோது, பளிச்சென்ற நிறத்துக்கே பெயர் போன அந்தக் கம்பெனியின் மேலும் அட்சரம் பிசகாமல் இதே புகார் எழுந்தது. அவர்களும் மறு மாதமே, நிறத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு வசதியைச் சேர்த்துக் கொடுத்தார்கள். ஏழு வருஷமானாலும் மனித சுபாவம் மாறவில்லை!

ஆக, அக்கா போன் பளிச்சென்று இருக்கிறது, என் போன் வெளுத்திருக்கிறது என்று எழுதிய சகோதரி முதலில் செய்ய வேண்டியது, செட்டிங்ஸில் டிஸ்ப்ளே என்ற இடத்துக்குப் போவது. 'விவிட்', 'நேச்சுரல்' என்று இரண்டு மூன்று பெயர்கள் இருக்கும். அக்காவின் போனில் எது என்று பாருங்கள். கூடவே, கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று மஞ்சள் பூசும் ஏற்பாடு எதையாவது குழந்தைகள் தட்டி விட்டிருக்கிறார்களா என்றும் பார்த்து விடுங்கள். இரண்டு போனிலும் ஒன்றாக வைத்த பிறகும் வித்தியாசம் தெரிந்தால் அப்புறம் சண்டைக்குப் போகலாம்.

புடவை விஷயத்துக்கு வருகிறேன். இது கொஞ்சம் நின்று நிதானித்துப் பார்க்க வேண்டியது. ஏனென்றால் இதில் பணம் போகிறது. பார்சலைத் திருப்பி அனுப்பினால் வாங்கிக் கொள்ள மாட்டேன் என்கிறார்கள் பல வியாபாரிகள். அவர்களில் பலர் நம்மைப் போன்ற பெண்கள். வீட்டிலிருந்தபடியே வாட்ஸப்பில் படம் போட்டு விற்றுக் குடும்பத்துக்கு நாலு காசு சேர்க்கிறவர்கள். 'படத்தில் ஒன்று, கையில் ஒன்று' என்று ஒருவர் கோபித்துக் கொண்டால் அவர்கள் பிழைப்பில் மண் விழுகிறது. கோபித்துக் கொண்டவருக்கோ, கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது ரவிக்கைக்கு ஒத்துவராத புடவை.

அந்தப் படம் எப்படி வந்து சேருகிறது என்று பாருங்கள். புடவையைக் கடையின் விளக்கடியில் விரிக்கிறார்கள். சில விளக்கு மஞ்சள், சில விளக்கு நீலம். அதைப் பார்த்த காமிரா, 'இங்கே வெள்ளை என்றால் இதுவாகத்தான் இருக்க வேண்டும்' என்று தானாக ஓர் ஊகம் செய்து கொண்டு எல்லா நிறத்தையும் அதற்கேற்ப நகர்த்துகிறது. படம் முழுக்க ஒரே அரக்கு நிறமாக இருந்தால், வெள்ளை எது என்று கண்டுபிடிக்க அதற்குப் பாவம், ஒரு துரும்புகூட அகப்படுவதில்லை. பிறகு வாட்ஸப் அந்தப் படத்தைச் சுருக்கி அனுப்புகிறது. நம் போனின் 'விவிட்' அதற்கு மேலும் முலாம் பூசுகிறது. ராத்திரி ஒன்பது மணிக்குமேல் பார்த்தால் மஞ்சள் திரை வேறு. இத்தனை பேர் கைபட்ட பிறகு ஸ்க்ரீனை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமா?

போதாக் குறைக்கு, மயில் கழுத்து மாதிரியான புடவைகளில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். நிற்கும் இடம் மாறினால் நிறமும் மாறும். அதுதான் அதற்கு அழகு. ஒரே கோணத்திலிருந்து எடுத்த படம் அதில் பாதியைத்தான் சொல்லும். உலகத்திலேயே உயர்ந்த ஸ்க்ரீனைக் கொண்டு வந்தாலும் மீதிப் பாதியைக் காட்ட முடியாது.

விற்கிறவரிடம் ஒரே ஒரு காரியம் கேளுங்கள். பகல் வேளையில், வெயில் நேரே படாத ஜன்னலருகில், புடவையின் மேல் ஒரு வெள்ளைக் காகிதத்தை வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். காகிதம் வெள்ளையாகத் தெரிந்தால் புடவையின் நிறத்தை ஓரளவு நம்பலாம். காகிதமே நீலமாகவோ மஞ்சளாகவோ தெரிந்தால் நம்பாதீர்கள். முந்தானையை ஆட்டிக் காட்டும் சின்ன வீடியோ ஒன்றும் கிடைத்தால் உத்தமம். அளவெடுத்தாற்போல் 'எம்.எஸ். ப்ளூ'வேதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் சிரமத்தைப் பார்க்காமல் கடைக்குப் போய்விடுவதே மேல்.

நிற்க. பிக்ஸல் வழக்கில் இரண்டாவது புகார் பாக்கி இருக்கிறதே? சாய்த்தால் நீலம் பாய்கிறது என்பது. இது ஓலெட்டின் பிறவிக் குணம். அதே வருஷம் ஐபோன் எக்ஸ் வெளிவந்தபோது ஆப்பிள் கம்பெனி முன்ஜாக்கிரதையாக, 'சாய்த்துப் பார்த்தால் நிறம் சற்று மாறலாம். இது ஓலெட்டின் இயல்பு' என்று எழுதியே வைத்துவிட்டது. கூகிளின் பெரிய போனில் இந்தக் குணம் கொஞ்சம் தூக்கலாக இருந்தது என்பதுதான் வித்தியாசம். போனை யாரும் சாய்த்துப் பிடித்துக் கொண்டு படிப்பதில்லை; ஆகையால் பாதி நியாயம் என்று சொல்லி விட்டுவிடலாம்.

மூன்றாவது புகார்தான் பலமானது. ஓயாமல் ஒரே இடத்தில் நிற்கும் படம், அந்த இடத்துப் புள்ளிகளை மற்றவற்றைவிடச் சீக்கிரம் தேய வைக்கிறது. முந்தானையில் முடிந்து வைத்தீர்களே, அந்த விஷயம். பிறகு வேறு படம் வந்தாலும் பழைய படத்தின் ஆவி அங்கே நிற்கும். வருஷக் கணக்கில் உபயோகித்த போனில் இது லேசாகத் தெரிந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பெட்டியைப் பிரித்து இரண்டு வாரத்துக்குள் தெரிந்தால்? கூகிள் விசாரித்துவிட்டு, 'மற்ற உயர்ந்த ரகப் போன்களில் இருப்பதற்கு மேல் இதில் இல்லை' என்று பதில் சொன்னது. சொன்னதோடு நிற்காமல் வெளிச்சத்தின் உச்சத்தை 50 நிட் குறைத்தது. அடியில் இருந்த பொத்தான்கள் சும்மா இருக்கும்போது மங்கும்படி செய்தது. முக்கியமாக, வாரண்டியை இரண்டு வருஷமாக்கியது.

கவனியுங்கள். குறையே இல்லை என்றால் வாரண்டியை ஏன் நீட்டிக்க வேண்டும்? 'வழக்கமானது' என்று வாயால் சொல்லிக்கொண்டே கையால் பரிகாரம் செய்தார்கள். அது தப்பென்று நான் சொல்லவில்லை. பரிகாரம் கிடைத்ததே பெரிது. ஆனால் முதல் வாரத்தில் 'வழக்கமானதுதான் போலிருக்கிறது' என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தால் இரண்டாவது வருஷம் கிடைத்திருக்குமா?

நம் வீடுகளில் இந்தத் தேய்மானத்துக்கு ஆளாவது பெரும்பாலும் பெரியவர்கள் போன்தான். ஸ்க்ரீன் அணையாமல் இருக்கும்படி வைத்து, வெளிச்சத்தையும் உச்சத்தில் ஏற்றி, ஒரே சானலைக் காலை முதல் இரவு வரை ஓட விடுகிறார்கள். அப்புறம் அந்தச் சானலின் முத்திரை மூலையில் பச்சை குத்தினாற்போல நின்றுவிடுகிறது. அரை நிமிஷத்தில் ஸ்க்ரீன் அணையும்படி வைத்துக் கொடுங்கள். பாட்டி கோபித்துக் கொண்டால் ஒரு நிமிஷமாக்கிக் கொடுங்கள்.

இப்போது பச்சைக் கோடு. இதைப் பற்றி எனக்கு இரண்டு அபிப்பிராயமே கிடையாது. இது முழுக்க முழுக்க நியாயமான புகார்.

ஸ்க்ரீனின் ஒவ்வொரு வரிசைக்கும், 'நீ எரி, நீ அணை' என்று உத்தரவு கொண்டு வரும் தலைமயிரைவிட மெல்லிய தடங்கள் இருக்கின்றன. அதில் ஒன்று பழுதானால் அந்த வரிசை முழுவதும் சொன்னபடி கேட்காமல் ஒரே நிறமாக நின்றுவிடும். மேலே கண்ணாடியில் கீறல்கூட இருக்காது; கீழே விழுந்திருக்கவும் வேண்டாம். நம் நாட்டில் இந்தக் கூப்பாடு மிகவும் பலமாக எழுந்தது. 'நேற்று ராத்திரி அப்டேட் போட்டேன், காலையில் கோடு' என்று பலர் சொன்னார்கள். 2024-ல் ஸாம்ஸங், சில உயர்ந்த ரக மாடல்களுக்கு, ஒரு முறை இலவசமாக ஸ்க்ரீன் மாற்றித்தர முன்வந்தது. ஒன்பிளஸ் நிறுவனம் 2024 டிசம்பரில், இந்தியாவில் விற்ற அமோலெட் போன்களில் பச்சைக் கோடு விழுந்தால் ஆயுள் பரியந்தம் தன் பொறுப்பு என்றே அறிவித்தது. ஸ்க்ரீனின் ஓரங்களில் ஈரம் புகாதபடி கூடுதல் பூச்சுக் கொடுப்பதாகவும், 85 டிகிரி வெப்பத்திலும் 85 சதவிகித ஈரப்பதத்திலும் வைத்துச் சோதிப்பதாகவும் சேர்த்துச் சொன்னது. சென்னையில் வசிப்பவர்களுக்கு 85 சதவிகித ஈரப்பதம் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை!

எல்லாக் கம்பெனியும் இப்படி இறங்கி வருவதில்லை. எங்கள் தெருமுனையில் துணி தேய்க்கும் அம்மாள் ஒருவர், பிளஸ் டூ படிக்கும் மகனுக்காக 12 மாதத் தவணையில் ஒரு போன் வாங்கினார். பள்ளிக்கூடத்திலிருந்து வரும் பாடமெல்லாம் அதில்தான். ஐந்தாவது தவணை கட்டிய வாரம் நடுவில் பச்சைக் கோடு விழுந்தது. துணைக்கு நானும் ஸர்வீஸ் ஸென்டருக்குப் போயிருந்தேன். மேஜைக்குப் பின்னால் இருந்த பையன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மூலையில் நகக் கீற்றளவு ஒரு கீறலைக் கண்டுபிடித்தான். "பிசிக்கல் டேமேஜ்மா. வாரண்டி கிடையாது" என்றான். ஸ்க்ரீன் மாற்ற அவன் சொன்ன தொகை, போன் விலையில் பாதியை எட்டியது.

அந்த அம்மாள் கூச்சல் போடவில்லை. போனை வாங்கி மேஜை மேல் நேராக வைத்தார். "கீறல் இந்த மூலையில இருக்கு. கோடு நட்ட நடுவில இருக்கு. ரெண்டுக்கும் என்னா தம்பி சம்பந்தம்?" என்று கேட்டார்.

பையனிடம் பதில் இல்லை. மானேஜரிடமும் இல்லை. பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்து, மூன்று வாரம் நடந்து, ஸ்க்ரீனை இலவசமாகவும் கூலியை மட்டும் இவர் கொடுப்பதாகவும் பைசலாயிற்று. முழு வெற்றி என்று சொல்வதற்கில்லை. அந்த மூன்று வாரமும் பையன் சிநேகிதன் வீட்டுக்குப் போய்ப் பாடம் எழுதிக்கொண்டு வந்தான். தவணை மட்டும் அந்த மாதமும் தேதி தவறாமல் பிடித்துக் கொள்ளப்பட்டது.

தலைவலிக்காரர்களையும் இரண்டு வார்த்தை விசாரிக்க வேண்டும். ஓலெட் ஸ்க்ரீன்கள் பலவற்றில், வெளிச்சத்தைக் குறைப்பதென்றால் விளக்கின் திரியைக் குறைப்பது போல அல்ல. படபடவென்று அணைத்து அணைத்து ஏற்றுவார்கள். ஐபோன் எக்ஸில் இது வினாடிக்குச் சுமார் 240 தடவை. பெரும்பாலோருக்குத் தெரியாது, சிலருக்கு மட்டும் தலைவலியும் குமட்டலும் வரும். 'எனக்கு ஒன்றும் செய்யவில்லையே, உனக்கு மட்டும் என்ன?' என்று வீட்டில் இருப்பவர்கள் பரிகாசம் செய்வார்கள். செய்யட்டும், உங்கள் புகார் நியாயமானதுதான். அதனால்தானே சில கம்பெனிகள் வினாடிக்கு 3,840 தடவை என்று பெருமையாக விளம்பரம் செய்து புதுப் போன் விற்கின்றன? வெளிச்சத்தை அடியோடு குறைத்து இருட்டறையில் படிப்பதை விட்டு, அறை விளக்கைப் போட்டுக் கொண்டு, வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டி வைத்துப் பாருங்கள்.

ஆனால் கண் எரிகிறது, உறுத்துகிறது என்பவர்கள் ஸ்க்ரீனைத் திட்டிப் பிரயோசனமில்லை. கண்கொட்டாமல் பார்ப்பதால் கண் உலர்ந்து போகிறது, அவ்வளவுதான். 20 நிமிஷத்துக்கு ஒரு முறை, 20 அடி தூரத்தில் இருப்பதை 20 வினாடி பார்க்கச் சொல்கிறார்கள் கண் வைத்தியர்கள். அடுக்களை ஜன்னல் வழியாக எதிர் வீட்டு மொட்டை மாடியைப் பார்த்தால் போதும். எதிர் வீட்டார் என்ன நினைப்பார்கள் என்பது வேறு விஷயம்.

பக்கத்து வீட்டுப் போனில் புள்ளிகள் அதிகமாமே என்ற ஏக்கத்துக்கும் ஒரு வரி. 2010-ல் ஐபோன் 4 வந்தபோது அங்குலத்துக்கு 326 புள்ளி. அதுவே கண்ணுக்குப் போதும் என்றார்கள். 2015-ல் ஸோனி 806 புள்ளி வைத்து ஒரு போன் விட்டது. வைத்துப் பார்த்தவர்கள் பலருக்கு வித்தியாசமே தெரியவில்லை. கையளவு ஸ்க்ரீனில் இந்தக் கணக்குக்காக அதிகப் பணம் கொடுக்காதீர்கள்.

வெளியில் ஸ்க்ரீன் மாற்றியவர்கள் மட்டும் ஒரு பரீட்சை செய்து பாருங்கள். உடைந்தது ஓலெட்டாக இருக்க, மாட்டினது மலிவான எல்.ஸி.டி.யாக இருப்பதுண்டு. முழுக் கறுப்பாக ஒரு படத்தைத் திறந்து, இருட்டறையில் பாருங்கள். ஸ்க்ரீன் இருக்கும் இடமே தெரியவில்லையென்றால் சரி. சாம்பல் பூத்தாற்போல ஒளிர்ந்தால் மாட்டினது வேறு சரக்கு. அதன் மங்கலுக்கு அசல் கம்பெனியை வைது பயனில்லை. மாற்றிக் கொடுத்தவரைத்தான் கேட்க வேண்டும்.

புகார் கொடுக்கத் தீர்மானித்தால், போகிற அன்றே பில்லையும் பெட்டியையும் தேடிக் கொண்டிருக்காதீர்கள். கோடோ நிழலோ கண்ணில் பட்ட அன்றே, ஸ்க்ரீன் முழுவதும் வெள்ளையாக வைத்து, வேறொரு போனால் படம் எடுத்து வைத்துக் கொள்ளுங்கள். போனின் நாலு மூலையையும் முதுகையும்கூட எடுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. 5 லட்சம் ரூபாய்க்குள் வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை.

ஸர்வீஸ் ஸென்டரில் போனை வாங்கிக் கொண்டதும் ஒரு காகிதத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். அதில் 'கீறல் உண்டு', 'அடிபட்டது' என்று பொடி எழுத்தில் ஏற்கெனவே டிக் அடித்திருக்கும். அவசரமில்லை. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக் கொண்டு, ஒவ்வொரு வரியாகப் படித்து, இல்லாத கீறலை அவர் கையாலேயே அடித்து எழுதச் சொல்லிவிட்டு அப்புறம் பேனாவைத் தொடுங்கள்.